டிக்கெட் காசு என்னாச்சு?

கொரோனாவுக்காக 2020 மார்ச் 17-ல் தமிழகத் தியேட்டர்களுக்குப் பூட்டு விழுந்தது. நவம்பர் 10-ல்தான் திறந்தார்கள். அதுவும் பாதி சீட்டுக்கு. 2021 ஏப்ரல் 26-ல் மறுபடி பூட்டு; ஆகஸ்ட் 23-ல் திறப்பு.

பூட்டியது சரி. உயிரைவிடச் சினிமா பெரிசா என்ன? ஆனால், முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர் காசு?

ஆன்லைனில் எடுத்தவருக்குப் பணம் பேங்குக்கே திரும்பும். கவுண்ட்டரில் வாங்கியவர் கையில் இருப்பது துண்டுச் சீட்டு. 2020 மார்ச் 24 மாலை முதல் ஊரடங்கு, பஸ் இல்லை. எப்படிப் போய்க் கேட்பார்?

நாளைக்கே இன்னொரு நோய் வரலாம். அரசு இப்போதே உத்தரவு போடட்டும்: தியேட்டரை மூடினால், ஆன்லைன் சேவைக் கட்டணம் உள்பட முழுக்காசும் வாபஸ். கவுண்ட்டர் டிக்கெட்டுக்குக் கெடு, திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். வாசலில் போர்டும் வைக்கணும்.

உழைச்ச காசு, சும்மா விட முடியுமா?