நாய் எலி மருந்து தின்றால் என்னிடம் வராதீர்கள்!

வடபழனியில் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மாள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எலி கேக்கைத் தின்னுடுச்சு டாக்டர், முறிவு மருந்து குடுங்க!" சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: இதற்குக் கை வைத்தியம் கூடவே கூடாது. பால், எண்ணெய் புகட்டாதீர்கள். பாஸ்பரஸ் பசையானால் எண்ணெயே விஷத்தை உடம்பில் ஏற்றிவிடும். உப்புத் தண்ணீரும் ஆபத்து. மருந்து அட்டையோடு உடனே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். புரோமடியோலோன் கேக் ரத்தத்தை உறையவிடாது. ஆனாலும் இரண்டு மூன்று நாள் நாய் சாதாரணமாக வாலாட்டும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதற்கு வைட்டமின் கே1 உண்டு, வாரக்கணக்கில் கொடுக்கணும். கறுப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடுக்கோ முறிவே கிடையாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். அந்த அம்மாளை ஆட்டோ பிடித்து அனுப்பினேன். "வைத்தியர்னு பேரு, ஒரு சூரணம்கூட இல்லையா?" என்று திட்டிக்கொண்டேதான் ஏறினார்.