விகாரை கட்டினால் புண்ணியமா?

கோயில் கட்டுவது பெரும் புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு செங்கல்லுக்குக் காசு கொடுத்தாலும் ஏழு தலைமுறைக்குப் போதும் என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். ஓய்வு பெற்ற பிறகு பௌத்த நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். அப்போது ஒரு கேள்வி வந்தது. வேள்வியையும் சடங்கையும் பெரிதாக மதிக்காதவர் புத்தர். அவர் பெயரில் இத்தனை விகாரைகளும் தூபிகளும் எழுந்தது எப்படி? கட்டியவர்களுக்கு அதில் புண்ணியம் உண்டா?

உண்டு என்றுதான் பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் அவை போடும் கணக்கும் நாம் போடும் கணக்கும் வேறு. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பௌத்தத்தில் கட்டடம் கொடுத்தவர் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் சிராவஸ்தி நகரத்துச் செட்டியார் அனாதபிண்டிகர். இயற்பெயர் சுதத்தர். ஆதரவில்லாதவர்களுக்குச் சோறு போட்டதால் வந்த பெயர் அனாதபிண்டிகர். புத்தரும் பிக்குகளும் தங்குவதற்கு ஓர் இடம் தேடினார். இளவரசர் ஜேதருடைய சோலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. தரையெல்லாம் பொற்காசு பரப்பினாலும் தரமாட்டேன் என்று இளவரசர் பேச்சுக்குச் சொன்னார். செட்டியார் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வண்டி வண்டியாகக் காசு கொண்டுவந்து பரப்பத் தொடங்கிவிட்டார். வாசல் பக்கம் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தபோது இளவரசருக்கே மனம் இளகியது. அந்த இடத்தை மட்டும் என் பங்காக விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கி, அங்கே வாயில் மாடம் கட்டிக் கொடுத்தார். ஜேதவனம் இப்படி வந்தது.

இந்தப் பாதிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நன்கொடை வசூலுக்கு வருகிறவர்களுக்கும் இது மிகவும் பிடித்த கதை. மறுபாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

பின்னாளில் அனாதபிண்டிகர் நொடித்துப்போனார் என்று உரை நூல்கள் சொல்கின்றன. கொடுத்த கடன் திரும்பவில்லை. புதைத்து வைத்த பொன்னை ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. அந்த நாட்களில் ஒரு முறை, உங்கள் வீட்டில் தானம் நடக்கிறதா என்று புத்தர் கேட்கிறார். நடக்கிறது, ஆனால் நொய்க்கஞ்சியும் புளித்த கூழும்தான் கொடுக்க முடிகிறது என்கிறார் செட்டியார். ஜேதவனத்தையே கொடுத்தவர் சொல்கிற பதில் இது. அப்போது புத்தர் சொன்னதுதான் வேலாம சூத்திரம். கொடுப்பது மட்டமா உயர்வா என்பதைவிட, மரியாதையோடும் நம் கையாலும் கொடுத்தோமா என்பதே முக்கியம் என்று தொடங்குகிறார். பிறகு ஓர் ஏணியை வைக்கிறார்.

வேலாமர் என்ற அந்தணர் முற்காலத்தில் செய்த மாபெரும் தானத்தைவிட, நல்லறிவு பெற்ற ஒருவருக்கு உணவிடுவது மேல். இப்படிப் படிப்படியாக ஏறி, புத்தரும் சங்கமும் உண்ணக் கொடுப்பது வருகிறது. அதற்கும் மேலே, நான்கு திசையிலிருந்தும் வரும் சங்கத்துக்கு ஒரு விகாரை கட்டித் தருவது. பாருங்கள், புத்தருக்கே சோறு போடுவதைவிட விகாரை கட்டுவது உயர்ந்த படியில் இருக்கிறது. ஆனால் ஏணி அங்கே முடியவில்லை. அதற்கு மேல் புத்தம், தம்மம், சங்கம் என்று மனத்தெளிவோடு சரணடைவது. அதற்கு மேல் ஐந்து சீலங்களைக் காப்பது. அதற்கும் மேல் ஒரு மணத்தை முகரும் நேரமாவது எல்லா உயிரிடத்தும் அன்பு கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலே, கை சொடுக்கும் நேரமாவது எதுவும் நிலையில்லை என்று உணர்ந்திருப்பது.

கையில் காசில்லாமல் நின்ற ஒரு மனிதரிடம் இதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீ கொடுத்த ஜேதவனம் வீண் என்று சொல்லவில்லை. அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்கிறார். பென்ஷனில் காலம் தள்ளுகிற நமக்கு இதைவிட ஆறுதலான பேச்சு உண்டா?

சரி, விகாரைக்கு அவ்வளவு உயர்ந்த படி ஏன் கிடைத்தது? வினய நூலில் பதில் இருக்கிறது. தொடக்க காலத்துப் பிக்குகளுக்கு வீடு கிடையாது. மரத்தடியிலும் குகையிலும் சுடுகாட்டிலும் படுத்து எழுந்தார்கள். அதைப் பார்த்த ராஜகிருகத்து வணிகர் ஒருவர், அனுமதி கேட்டு, ஒரே நாளில் அறுபது இருப்பிடங்கள் அமைத்துக் கொடுத்தார். அப்போது புத்தர் அந்தத் தானத்தின் பயனாகச் சொன்னவை மிகவும் சாதாரணமானவை. குளிர் தாங்கும், வெயில் தாங்கும், மழை தாங்கும், விலங்கும் பாம்பும் கொசுவும் அண்டாது, உள்ளே இருந்து தியானம் செய்யலாம். கோபுர உயரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதோடு, வந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்குமாக என்று சொல்லித்தான் அந்த இருப்பிடங்களைச் சங்கத்துக்குக் கொடுத்தார் வணிகர். இன்னும் பிறக்காத ஒருவர் நாளை மழைக்கு ஒதுங்க வருவார், அவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வேளைச் சோறு உண்டதும் தீர்ந்துவிடும். கூரை நின்று பயன் தரும். படி உயர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சோலை வைப்பவர், பாலம் கட்டுபவர், கிணறு வெட்டுபவர், தண்ணீர்ப்பந்தல் வைப்பவர், தங்க இடம் தருபவர் ஆகியோருக்கு இரவும் பகலும் புண்ணியம் வளரும் என்று இன்னொரு சூத்திரம் சொல்கிறது. தண்ணீர்ப்பந்தலும் தங்குமிடமும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. யாருக்கோ தாகம் தீர்ந்தால் புண்ணியம், யாரோ நிழலில் உட்கார்ந்தால் புண்ணியம்.

வசூல் பண்ணிக் கட்டுகிற ஆசை அன்றும் இருந்தது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் தங்களுக்குக் குடில் கட்டத் தொடங்கி, ஆள் கொடு, மாடு கொடு, வண்டி கொடு, கோடாரி கொடு, மூங்கில் கொடு என்று ஊரையே துளைத்தெடுத்துவிட்டார்கள். ஜனங்கள் பிக்குகளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள், வேறு தெருவில் நழுவினார்கள். தூரத்தில் பசு மாட்டைக் கண்டால்கூடப் பிக்கு என்று நினைத்து ஓடினார்களாம்! நான் சொல்லவில்லை, வினயத்திலேயே இருக்கிறது. விஷயம் புத்தர் காதுக்குப் போனது. தனக்கென்று கேட்டு வாங்கிக் கட்டும் குடில் பன்னிரண்டு சாண் நீளம், ஏழு சாண் அகலத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. ரசீதுப் புத்தகத்தோடு யாராவது வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளவி மாடு நினைவுக்கு வரும்.

போதிதருமர் சீனத்து வூ பேரரசரிடம் சொன்னதாக உள்ள கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது நம் பக்கத்து மரபு. இத்தனை கோயில் கட்டினேன், எனக்கு எவ்வளவு புண்ணியம் என்று அரசர் கேட்க, ஒன்றுமே இல்லை என்றாராம். இதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, கோயில் கட்டுவதே வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். நடைப்பயிற்சியில் கூட வரும் நண்பர் ஒருவரும், "சார், போதிதருமரே சொல்லிட்டாரே" என்று மடக்கினார். என் பதில் இதுதான்: அரசர் கேட்ட கேள்வியில் ‘எனக்கு’ என்ற சொல்தான் கோளாறு. கொடுத்துவிட்டுப் பாஸ்புக்கை நீட்டி இருப்பு எவ்வளவு என்று கேட்டால், அங்கே கொடுத்தல் எங்கே நடந்தது? கட்டடத்தை அவர் குறை சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கட்டியதைக் காப்பாற்றுவது. சில வருஷங்களுக்கு முன் சாஞ்சிக்குப் போயிருந்தேன். அந்தத் தூபியின் சுற்று வேலியிலும் தளக் கற்களிலும் பிராமி எழுத்தில் கொடுத்தவர் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வணிகர்கள், பிக்குணிகள், இல்லத்தரசிகள், கைவினைஞர்கள். விதிஷாவின் தந்தச் சிற்பிகள் தெற்குத் தோரணத்தில் வேலை செய்து கொடுத்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. பெயர் பொறிப்பது புதிய வியாதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒரு கல் என்று ஊர் சேர்ந்து கட்டியது அது.

என் மனதில் தங்கியது அங்குள்ள இன்னொரு கல்வெட்டு. கி.பி. 450ஐ ஒட்டிய குப்தர் காலத்தது. ஹரிசுவாமினி என்ற உபாசிகை, தாய் தந்தையரை நினைத்து, பன்னிரண்டு தீனாரம் பொற்காசை முதலாக வைக்கிறாள். முதலைத் தொடக்கூடாது, வரும் வட்டியில் நாளும் ஒரு பிக்குவுக்கு உணவு. மேலும் மூன்று தீனாரத்தின் வட்டியில் மூன்று விளக்குகள். இன்னும் ஒரு தீனாரத்தின் வட்டியில், நான்கு புத்தர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் ஒரு விளக்கு. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வந்தன. இது அப்பட்டமான ஃபிக்ஸட் டெபாசிட்! அந்தத் தூபி அவள் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிந்துவிட்டது. புதிதாக ஒரு கல்கூட அவள் வைக்கவில்லை. இருட்டக்கூடாது, யாரும் பட்டினி கிடக்கக்கூடாது என்று பார்த்துக்கொண்டாள்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையை ஸ்ரீவிஜய மன்னர்கள் கட்டினார்கள். முதலாம் ராஜராஜன் சைவர். ஆனாலும் அதன் பராமரிப்புக்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை ஒதுக்கினார். லெய்டன் செப்பேடுகளில் இருப்பது இந்தச் செய்திதான். கட்டியவன் ஒருவன், காத்தவன் இன்னொருவன், அதுவும் வேறு சமயத்தவன். அந்த ஆதரவில் பல நூற்றாண்டு நின்றது. பிறகு கும்பிட ஆளில்லை, தங்கப் பிக்கு இல்லை. எஞ்சி நின்ற செங்கல் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே பூமிக்கடியில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளை இன்று சென்னை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடிகிறது.

பர்மாவில் பகோடா கட்டியவரைப் ‘பயா தகா’ என்று மரியாதையாக அழைப்பார்கள். அந்தப் பட்டத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. பாகன் சமவெளியில் இன்றும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கோயில்களும் தூபிகளும் நிற்கின்றன. அரசரும் செல்வரும் ஆளாளுக்கு ஒன்று கட்டினார்கள். வரியில்லாத நிலமாகக் கோயிலுக்கு எழுதிவைத்தே அரசின் கருவூலம் மெலிந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பக்கத்தில் ஒன்று பாழடைந்து கிடக்க, தன் பெயருக்குப் புதிதாக இன்னொன்று கட்டும் ஆசை எந்த மதத்துக்கும் பொதுதான் போலிருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. பௌத்த விகாரையோ நம் தெருக்கோடிக் கோயிலோ, யாராவது நன்கொடை கேட்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் யார் வந்து ஒதுங்குவார்கள்? திறப்பு விழாவுக்கு மறுநாள் விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவார்கள்? பக்கத்தில் பழையது ஒன்று இடிந்து கிடக்கிறதா? பதில் சரியாக இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள். முடியாவிட்டால் மனம் நோக வேண்டாம். அடுத்தவர் செய்த நல்லதைக் கண்டு மனமார மகிழ்வதும் புண்ணியம் என்று பௌத்தம் சொல்கிறது. அனுமோதனை என்று அதற்குப் பெயர். அதற்கு ரசீது கிடையாது.

நானும் என் மனைவியும் பேசி, இந்த வருஷம் புதிய மண்டபத்துக்கு எதுவும் எழுதவில்லை. பழைய இடத்தில் இரவுக் காவலுக்கு இருக்கும் பெரியவரின் மூன்று மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அவர் இருந்தால்தான் ராத்திரியில் வழிப்போக்கர்களுக்குக் கதவு திறக்கும்.