பெயரில்லாத குடித்தனக்காரர்கள்

மூன்று வாலிபர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தால், "அனுசரித்துப் போங்கள்" என்று உபதேசம் செய்ய ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. எனக்கு இந்த உபதேசம் கொஞ்சமும் பிடிப்பதில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முகம் காணாமலே நண்பர்களானார்கள் என்று பெருமைப்படுகிறோம். படவேண்டியதுதான். ஆனால் அவர்கள் மின்சாரக் கட்டணத்தை வகுத்துக்கொள்ள நேர்ந்ததில்லை.

மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து தாம்பரம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று எல்லாப் பக்கமும் வேலைக்குப் போகலாம். அதனாலேயே இளைஞர்கள் இங்கே வீடு தேடுகிறார்கள். முதலில் கண்ணில் படுவது 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற பலகை. அதைத் தாண்டி ஒரு கதவு திறந்தால், பத்து மாத அட்வான்ஸ். வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் ஆளுக்கு 50,000 போடுகிறார்கள். ஒப்பந்தத்தில் மட்டும் ஒரே பெயர்!

அந்தப் பெயருக்குரியவன் மறுநாளே குட்டி வீட்டுக்காரனாகிவிடுகிறான். ஜன்னலோரக் கட்டில் அவனுக்கு. இன்னொருவனுடைய தாயார் ஊரிலிருந்து வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் அவன் தீர்ப்பு. அவன் கெட்டவன் அல்ல. காகிதம் அவனை அப்படி ஆக்குகிறது. மனம் கசந்து ஒருவன் வெளியேறினால், "உன் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடு, பணத்தை வாங்கிக்கொள்" என்கிறான். வீட்டுக்காரரிடம் போனால், "நீ யாரப்பா?" என்கிறார். மாதாமாதம் வாடகை வாங்கியபோது தெரிந்த முகம்தான்!

2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் சொல்கிறது. கூடவே, இருதரப்பும் வேறுவிதமாக உடன்பட்டால் சரி என்று ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. பத்து மாதம் அந்த வாசல் வழியே சௌகரியமாக நுழைகிறது.

"மூன்று பேரோடு மல்லுக்கு நிற்க என்னால் ஆகாது; பொறுப்புக்கு ஒருத்தன் போதும்" என்பது வீட்டுக்காரர்களின் சமாதானம். அப்படியா? மூவரும் கையெழுத்திட்டால், ஒருவன் கம்பி நீட்டினாலும் இருவர் அகப்படுவார்களே! உண்மை வேறு. பெயர் எழுதினால் உரிமையும் எழுதியதாகும். பெயரில்லாதவனை ஒரே வார்த்தையில் கிளப்பிவிடலாம்.

வாலிபர்களே, அட்வான்ஸை எண்ணி வைக்குமுன் மூன்று பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், தனித்தனி ரசீதாவது கேளுங்கள். அதற்கும் முகம் சுளிக்கிறாரா? பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுங்கள்.