அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு மணி நேரம்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் என் உறவுப் பெண்ணுக்குக் கடந்த ஆண்டு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மாலையில் அவர் என்னிடம் கேட்டது உயிரைப் பற்றியல்ல. "மாமா, மார்பை எடுத்தது வெளியில தெரிஞ்சா, புள்ளைக்கு மாப்பிள்ளை அமையுமா?" என்றார். செலவுக் கணக்கோடு சென்றிருந்த என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க மருத்துவமனையிலும் எவரும் இல்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், 1.27 லட்சம் பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயும் புதிதாக ஏற்பட்டன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணைநிற்கிறது. இது பெரும் சாதனை. ஆனால், மனத்தின் சுமையை எந்த ரசீதும் காட்டுவதில்லை.

சேலம், நாமக்கல் வட்டாரத் தறிக்கூடங்களில் தறி நின்றால் கூலியும் நிற்கும். வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காது. அக்குள் நிணநீர் முடிச்சுகளை அகற்றினால் கை வீங்கக்கூடும் என்பதை அறிந்த பெண், இனி தறி ஓட்ட முடியுமா என்று அஞ்சுகிறார். இதை மனப்பலவீனம் என்று ஒதுக்குவது பிழை. அது தெளிவான வாழ்வாதாரக் கணக்கு. "தைரியமாக இரு" என்னும் அறிவுரை அதற்கு விடையாகாது.

விடை எட்டாத தொலைவிலும் இல்லை. மனத்துயரை 0 முதல் 10 வரை நோயாளியே குறித்துக்காட்டும் எளிய அளவுகோல் 1990களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. நான்கோ அதற்கு மேலோ வந்தால் உளவியல் உதவி தேவை என்பது பொதுவான வரையறை. பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உளவியல் ஆலோசனைக்கெனத் தனித் துறையே இயங்குகிறது. அந்த ஏற்பாடு மாவட்டங்களுக்கும் வரவேண்டும். கணவரையும் உடன் அமர்த்திப் பேசும் ஒரு மணி நேர ஆலோசனையை, அறுவைச் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகுப்பிலேயே சேர்க்கலாம். மொத்தச் செலவில் அது மிகச் சிறு பங்காகவே இருக்கும்.

அன்றிரவு என் உறவுப் பெண்ணைத் தேற்றியவர், மூன்றாண்டுகளுக்கு முன் அதே சிகிச்சை பெற்று மறுபரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெண்மணி. தாம் மகளுக்குத் திருமணம் முடித்த கதையை அவர் சொன்னார். அது தற்செயலாகக் கிடைத்த ஆறுதல். அடுத்த பெண்ணுக்கு அது தற்செயலாக அல்லாமல், உரிமையாகக் கிடைக்க வேண்டும்.