உதார் விடுறது திறமைன்னா, தோக்குறது யாருன்னு கேளுங்க!



"போக்கர் சூதாட்டம் இல்லைங்க, அது மூளை விளையாட்டு." கம்பெனி வக்கீல்ல இருந்து யூடியூப் தம்பி வரைக்கும் சில வருஷமா இதே பாட்டுதான். ஆதாரமா அவங்க தூக்கிப் பிடிக்கிறது பிளஃப். கையில் ஒண்ணுமே இல்லாதவன், எல்லாம் இருக்கிற மாதிரி பணத்தைத் தூக்கி வைக்கிறான். நல்ல சீட்டு வச்சிருக்கிறவன் பயந்து கீழ போட்டுட்டுப் போயிடுறான். வெறும் அதிர்ஷ்டத்துல இது நடக்குமா, இது திறமை இல்லாம வேற என்னன்னு கேக்குறாங்க.

நம்ம முடிச்சூர்ல இதுக்குப் பேரு உதார். நல்ல சீட்டை வச்சுக்கிட்டே ஒண்ணுமில்லாத மாதிரி பம்மி, எதிராளி பணத்தை ஏத்த விட்டு அடிக்கிறதும் இதே குடும்பம்தான்.

சரி, அவங்க சொல்றதையே ஒத்துக்குவோம். பிளஃப் திறமைதான். இன்ஜினியரிங் படிச்சவன், கணக்காவே காட்டுறேன். நடுவுல 100 ரூபாய் கிடக்கு. கடைசிச் சுற்றுல நான் இன்னொரு 100 வைக்கிறேன். இப்போ நீங்க 100 போட்டா, ஜெயிச்சா 200 கிடைக்கும். இந்த மாதிரி நான் வைக்கிற மூணு தடவையில சரியா ஒரு தடவை மட்டும் உதார் விட்டா, நீங்க போட்டாலும் விட்டாலும் உங்க கணக்கு ஒண்ணுதான். ஒரு தடவை 200 ஜெயிப்பீங்க, ரெண்டு தடவை நூறு நூறா தோப்பீங்க. என்ன முடிவு எடுத்தாலும் உங்களுக்கு லாபம் கிடையாது. தேர்ந்த ஆட்டக்காரன் முகத்தைப் பாத்து ஆடுறதில்லை, இந்த விகிதத்தை வச்சு ஆடுறான்.

இந்தக் கணக்கை மிஷினும் கத்துக்கிச்சு. 2019-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து புளூரிபஸ்னு ஒரு புரோகிராம் செஞ்சாங்க. எந்த மனுஷனோட ஆட்டத்தையும் அது பார்க்கலை. தனக்குத் தானே ஆடி, எட்டே நாள்ல உதார் விடக் கத்துக்கிட்டு, ஆறு பேர் மேசையில தொழில்முறை ஆட்டக்காரர்களை 10,000 ஆட்டத்தில் ஜெயிச்சது. கத்துக்கொடுக்க ஆன கம்ப்யூட்டர் வாடகை 150 டாலருக்கும் கம்மி. ஒரு சுமாரான செல்போன் விலைதான்!

இப்போ சொல்லுங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வர்ற நம்ம பையன் ஆப்பைத் திறந்தா எதிர்ல உக்கார்ந்திருக்கிறது யாரு? ஒரு பொம்மை முகம், ஒரு பேரு. அது மனுஷனா, புரோகிராமா? இல்ல ஒரே ரூம்ல உக்கார்ந்து சீட்டை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற ரெண்டு கூட்டாளிகளா? பையனுக்குத் தெரிய வழியே இல்லை. அப்சல்யூட் போக்கர், அல்டிமேட் பெட்னு ரெண்டு வெளிநாட்டுத் தளங்கள்ல அடுத்தவங்க மூடி வச்ச சீட்டையே பாக்குற ரகசியக் கணக்குகள் இருந்தது 2007, 2008-ல் வெளியே வந்தது. அல்டிமேட் பெட் மோசடிக்கு முக்கியப் பொறுப்பாளின்னு விசாரிச்ச ஆணையம் கை காட்டினது யாரை தெரியுமா? 1994-ன் உலக போக்கர் சாம்பியன் ரஸ் ஹாமில்டனை. அவருக்கு இல்லாத திறமையா?

எல்லாரும் யோக்கியமா ஆடுறாங்கன்னே வச்சுக்குவோம். அப்பவும் கமிஷன் இருக்கே! ஆறு பேர், தலைக்கு 1,000 ரூபாய், ஆக 6,000. ஒரு ஆட்டத்துக்கு நடுவுல சராசரியா 500 சேருது, கம்பெனி நூத்துக்கு அஞ்சு எடுக்குதுன்னு வச்சுக்குங்க. ஒரு ஆட்டத்துக்கு 25. நூறு ஆட்டம் முடிஞ்சா 2,500 ரூபாய் மேசையை விட்டே போயிடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியுற வேலை இது. ஆறு பேரும் ஒரே திறமைன்னா ஆறு பேருக்குமே நஷ்டம். ஒருத்தன் லாபம் பாக்கணும்னா மத்தவங்க அதுக்கும் மேல இழக்கணும். அதனாலதான் புதுசு புதுசா ஆள் வேணும். போக்கர் பாஷையில புதுசா வர்றவனுக்குப் பேரு என்ன தெரியுமா? 'ஃபிஷ்'. மீன்!

ஆக, "இது திறமை விளையாட்டு"ன்னு அவங்க சொல்றது தற்காப்பு வாதம் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம். கத்துக்குட்டி தோப்பான்னு தெரிஞ்சேதான் அவனுக்கு வெல்கம் போனஸ் நீட்டுறாங்க. அந்த போனஸும் நேரா கைக்கு வராது, ஆட ஆடத்தான் கொஞ்சம் கொஞ்சமா அவிழும். பஸ் ஸ்டாண்ட் ஓரமா மூணு சீட்டு போடுறவன் கூட்டத்துல தன் ஆளையே நிறுத்தி முதல்ல ஜெயிக்க வைப்பான், பாத்திருக்கீங்களா? "நான் இவ்வளவு லட்சம் ஜெயிச்சேன்" விளம்பரத்துக்கும் அதுதான் வேலை. செஸ்ல தோத்தா ஆட்டம்தான் போகும். இதுல தோத்தா ரூம் வாடகை போகும், வண்டி டியூ போகும்.

சட்டத்தோட கதைக்கு வருவோம். ரம்மி திறமை ஆட்டம்னு 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன சத்யநாராயணா தீர்ப்பைக் கம்பெனிகள் எல்லா வழக்குலயும் காட்டுவாங்க. அதே தீர்ப்புல, பணம் வச்சு ஆடுற ஆட்டத்தால் இடத்துக்காரன் லாபம் அடிச்சா அது குற்றமாகலாம்னும் இருக்கு. அந்த வரியை மட்டும் சத்தமா வாசிக்க மாட்டாங்க.

தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் விழுந்தது. தற்கொலைகள் நிக்கலை. நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது, 2022 அக்டோபரில் சட்டமன்றம் மறுபடி மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் நாலரை மாசம் வச்சிருந்து திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டம். அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு உயர்நீதிமன்றம் அந்தத் தடையை மட்டும் எடுத்துடுச்சு. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது, ஆதார் கட்டாயம்னு வந்த விதிகளையும் எதிர்த்து கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு. ஜூன் 3-ல் தோத்துச்சு. ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்க விடுறதுக்கே அவ்வளவு எதிர்ப்பு!

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே சட்டம் கொண்டு வந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை நடத்தினா மூணு வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். சூதாட்டம் மாநிலப் பட்டியல்ல இருக்கிற விஷயம், அந்தச் சண்டையை நாம தனியா போடுவோம். ஆனா 'திறமை'ங்கிற முகமூடியைக் கழட்டினது சரி. அதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்கிட்ட எடுத்துக்கிச்சு. அங்கேயும் பிளஃப்பைத்தான் பெருமையா கொண்டு போய் நிறுத்துவாங்க.

முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. ஆப் ஸ்டோர்ல இல்லாத ஏபிகே ஃபைலா, டெலிகிராம் லிங்க்கா இந்த ஆட்டங்கள் வந்தா உடனே பிளாக் பண்ணுங்க. பணம் ஏமாந்தவங்க இருந்தா திட்டாதீங்க, 1930-க்கு அன்னைக்கே போன் பண்ண வைங்க, லேட்டானா பணம் கை மாறிடும். ரிங் ரோடு ஆம்னி பஸ் நிறுத்தத்துல வண்டி கிளம்புற வரைக்கும் போனும் கையுமா காத்திருக்கிற டிரைவர் அண்ணன்கள் கிட்ட மேல இருக்கிற 2,500 ரூபாய் கணக்கை ஒரு தடவை பேப்பர்ல போட்டுக் காட்டுங்க.

#ஆன்லைன்_சூதாட்டம் #முடிச்சூர் #தாம்பரம்