சிற்றுயிரின் காவலும் நம் கல்வியும்

‘இதைக் கற்பதனாற் பயன் யாது?’ என்பது உயிரியல் வகுப்பில் அடிக்கடி எழும் வினா. மாணவர் வினவுவதிற் குற்றமில்லை. லயத்திலிருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் வினவுவதிலும் குற்றமில்லை. ஆயினும், உடனே பயன் தோன்றாத கல்வியெல்லாம் வீண் என்னும் முடிபை நாம் ஏற்கோம். பற்றீரியாவின் வரலாறே அதற்குச் சான்று.

கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாவையும் வைரசு தாக்குகின்றது, தன் டி.என்.ஏ.யை அதனுட் செலுத்தி அதனை அழிக்க முயல்கின்றது. பற்றீரியாவோ வாளாவிருப்பதில்லை. தன் டி.என்.ஏ.யில் அடையாளமிட்டு வைத்து, அவ்வடையாளமற்ற அந்நிய இழையை நொதியங்களால் வெட்டுகின்றது. இக்காவலின் முதற் குறிப்பு 1952ஆம் ஆண்டில் லூரியா, ஹியூமன் என்போரின் ஆய்வில் வெளிவந்தது. ‘கிறிஸ்பர்’ என்னும் இன்னொரு காவலும் உண்டு. பகைவனின் டி.என்.ஏ.யிற் சிறு துண்டொன்றைத் தன் டி.என்.ஏ.யிற் சேர்த்துச் சந்ததிக்கும் வழங்கி, அவன் மீண்டும் வருங்கால் இனங்கண்டு வெட்டும் முறை அது. தயிராக்கும் பற்றீரியாவில் 2007இல் இதனை மெய்ப்பித்தனர். 2012இல் டௌட்னா, சார்ப்பென்டியர் என்னும் அறிஞர் இருவரும், வேண்டிய இடத்தில் டி.என்.ஏ.யை வெட்டும் கருவியாக இதனை ஆக்கிக் காட்டினர். 2020இல் நோபெற் பரிசு பெற்றனர்.

அதே 1952இல், நம் மலைகளைப் போலவே தேயிலை விளையும் நீலகிரியில், பழங்குடி மக்களிடையே அரிவாட்கலப் பண்பு காணப்படுவதை லேமன், கட்புஷ் என்போர் அறிவித்தனர். இப்பண்பைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்குச் செங்குழியங்கள் கவ்வாத்துக் கத்திபோல் வளைந்து, குருதிக் குழாய்களை அடைத்துப் பெருந்துன்பம் விளைக்கும். அவ்விரண்டு அறிக்கைகளும் ஒருநாள் ஒன்றுகூடுமென அன்று எவர் எண்ணியிருப்பார்? 2023 நவம்பரில் பிரித்தானியா இந்நோய்க்குக் கிறிஸ்பர் சிகிச்சை ஒன்றை அனுமதித்தது. பயன் வர 71 ஆண்டுகள் சென்றன.

ஆனால், அமெரிக்காவில் அச்சிகிச்சையின் விலை 22 இலட்சம் டொலர். மலைக்குடிசையில் வாழ்வோர்க்கு அஃது எட்டுமா? அறிவைப் பிறர் ஆக்க, நாம் விலைகொடுத்து வாங்குவோராகவே இருப்பின், என்றும் எட்டாது. விலையைக் குறைக்கும் வழியைத் தேடுவோர் நம்மிடையேயும் தோன்றல் வேண்டும்.

ஆதலின், பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விழாவின் நினைவாக அலங்கார வளைவு அமைக்க விரும்புவோர் அமைக்கட்டும். அதற்கு முன் ஆய்வுகூடத்துக்கு நல்ல நுணுக்குக்காட்டிகளை வழங்குக. கொட்டகலைப் பிள்ளையொருத்தி ஒரு துளித் தயிரை அதன்கீழ் வைத்து வியந்து நோக்குவாளாயின், அதுவே விழாவுக்குச் சிறந்த நினைவுச் சின்னமாகும்.