சுகவாழ்வுப் பகுதி: வாசலில் இருப்பவரையும் காப்பது கடன்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காக வகுத்துக் கூறுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என்பனவே அந்நான்கு. இவற்றுள் நோயாளி முதலிற் சொல்லப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. வைத்தியரிடம் மருந்தைப் பெற்றுக்கொள்வதோடு நோயாளியின் பங்கு முடிந்துவிடுவதில்லை. வைத்தியருக்கும் பணிவிடை செய்பவருக்கும் தம் நோய் தொற்றாமற் பார்ப்பதும் அவரது கடமையாகும். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலம் இதனை இலண்டன் மாநகருக்கு மிகுந்த வேதனையுடன் கற்பித்தது.

அந்நாட்களில் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளைப் பற்றியே பேசின. ஆனால் இந்நாட்டில் நோயாளி முதலில் தட்டும் கதவு குடும்ப வைத்தியரின் சேர்ஜரிக் கதவேயாகும். இலண்டனில் பல சேர்ஜரிகள் குடியிருந்த வீடுகளை மாற்றி அமைக்கப்பட்டவை. ஒடுங்கிய நடை, சிறிய காத்திருக்கும் அறை, குளிர்காலத்தில் இறுகச் சாத்திய யன்னல்கள் ஆகியவை அங்கு வழக்கம். வருபவரை முதலில் எதிர்கொள்பவர் வரவேற்பு மேசையில் இருப்பவர். இரத்தம் எடுக்கும் தாதி ஒரு கை தூரத்தில் நிற்கிறார். வைத்தியரோ நோயாளியின் தொண்டைக்குள்ளேயே பார்க்கிறார். கோவிட் நோய் கண்டவர், இருமலும் காய்ச்சலும் தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு முன்பே பிறருக்கு அதனைப் பரப்பக்கூடியவர். ஆகவே, வந்தவர் எதைக் கொண்டுவந்தார் என்பது வந்தவருக்கே தெரிந்திருக்கவில்லை.

எசெக்ஸ் மாநிலத்தின் லீ-ஒன்-சீ என்ற ஊரில் 40 ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்ப வைத்தியராக விளங்கிய டாக்டர் ஹபீப் சைடி, 2020 மார்ச் 25ஆம் திகதி தமது 76ஆவது வயதில் கோவிட் நோயினால் காலமானார். ஏப்ரலில் குரொய்டன் நகரில் 27 ஆண்டுகள் பணிபுரிந்த டாக்டர் கிருஷன் அரோரா 57 வயதில் மறைந்தார். ஈஸ்ட்ஹாமிற்கு அயலிலுள்ள பொரஸ்ட் கேற்றின் குடும்ப வைத்தியர் டாக்டர் யூசுப் பட்டேலும் அதே மாதத்தில் உயிர் நீத்தார். ஆஸ்பத்திரி வைத்தியர்களுள், பேராதனை மருத்துவ பீடத்தில் கற்று, கிங்ஸ்ரன் ஆஸ்பத்திரியில் முதியோர் நோய் நிபுணராகக் கடமையாற்றிய டாக்டர் அன்ரன் செபஸ்தியாம்பிள்ளை ஏப்ரல் 4ஆம் திகதி காலமானார். இவர்களுள் எவருக்கு எங்கே தொற்றியது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் இத்தொழிலில் தொற்றின் அபாயம் எத்தகையது என்பதை இம்மரணங்கள் நாடறியச் செய்தன.

முதலில் மறைந்த பத்து வைத்தியர்களும் சிறுபான்மை இனத்தவர்களே என்பதை, அப்போது பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் தலைவராயிருந்த, ஸ்ரான்மோரில் குடும்ப வைத்தியராகப் பணிபுரிந்த டாக்டர் சாண்ட் நாக்போல் சுட்டிக்காட்டி, விசாரணை வேண்டுமென வலியுறுத்தினார். இதற்குக் காரணம் ஒன்றல்ல. வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், பார்க்கும் வேலை, வாழும் இடம் எனப் பல உள. இவற்றோடு ஒரு பழைய வரலாறும் சேர்ந்துகொண்டது. 1960களிலும் 1970களிலும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்த வைத்தியர்கள் பலருக்கு ஆஸ்பத்திரிகளில் உயர்பதவி எளிதிற் கிட்டவில்லை. உள்ளூர் வைத்தியர்கள் செல்ல விரும்பாத தொழிலாளர் பகுதிகளிலும் நெரிசல் மிகுந்த நகர்ப்புறங்களிலும் அவர்கள் சேர்ஜரிகளை ஏற்று நடத்தினர். 2020இல் அவர்களுட் சிலர் எழுபதைக் கடந்த பின்னரும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எந்த வயதினரை அந்நோய் கடுமையாகத் தாக்கியதோ அந்த வயதில், எங்கே நோய் மிகுந்திருந்ததோ அங்கேயே அவர்கள் இருந்தனர்.

பாதுகாப்புச் சாதனங்களும் தொடக்கத்தில் போதவில்லை. கோவிட் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளியைப் பார்க்கும்போது மாத்திரமே சேர்ஜரிகளில் முகக்கவசம் அணிவது என்ற நிலை முதலில் இருந்தது. 2020 ஏப்ரல் 2ஆம் திகதி வெளியான புதிய அறிவுறுத்தலே அதனை விரிவாக்கியது. அப்போதும் சேர்ஜரிகளுக்குக் கிடைத்தது சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் கையுறையும் பிளாஸ்ரிக் ஏப்ரனுமே. காற்றை நுணுக்கமாக வடிகட்டும் எவ்.எவ்.பி. 3 முகக்கவசங்கள் ஆஸ்பத்திரிகளின் சில குறித்த சிகிச்சைகளுக்கென ஒதுக்கப்பட்டன. தொண்டையைப் பார்ப்பது அப்பட்டியலில் அடங்கவில்லை. மூச்சோடு வெளிவரும் நுண்ணிய துகள்கள் மூடிய அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கக்கூடியவை என்பது பின்னரே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

2020 ஜூலையில் லான்செட் பொதுச் சுகாதார ஏட்டில் வெளியான ஆய்வொன்று, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முன்னணிச் சுகாதார ஊழியர்களிடையே நோய் உறுதிப்பட்டோர் வீதம் பொதுமக்களிடையே காணப்பட்டதைப் போல் பதினொரு மடங்குக்கு மேல் எனக் காட்டியது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஸ்கொத்லாந்து ஆய்வு இன்னுமோர் உண்மையைக் கூறியது. நோயாளரை நேரிற் பார்க்கும் ஊழியர்கள் கோவிட் நோயுடன் ஆஸ்பத்திரியிற் சேரும் அபாயம், நேரிற் பார்க்காத ஊழியர்களைவிட மூன்று மடங்கு. அவர்களின் வீட்டாருக்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. சேர்ஜரியில் தொற்றும் நோய் சேர்ஜரியோடு நிற்பதில்லை. அது அன்று மாலை பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளும் கூடியிருக்கும் வீட்டுக்கே செல்கிறது. வைத்தியர், தாதியர், மருந்தாளர், வரவேற்பு மேசைப் பணியாளர் ஆகியோரைத் தம்மிடையே கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இலண்டனிற் பல உண்டு. அவர்களுக்கு இக்கணக்கு வெறும் எண்ணன்று.

2020 மார்ச்சில் தேசிய சுகாதார சேவை, நோயாளிகள் முதலில் தொலைபேசியிற் பேசிய பின்னரே அவசியமானால் நேரில் வரவேண்டும் என ஒழுங்கு செய்தது. ஏப்ரல் மாதத்தில் ஏறத்தாழப் பாதி ஆலோசனைகள் தொலைபேசியிலேயே நடந்தன. டாக்டர் முகம் பார்த்து, நாடி பிடித்துப் பார்க்காத வைத்தியம் வைத்தியமாகுமா என்று முதியோர் பலர் மனம் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அந்த ஒழுங்கு நோயாளரை ஒதுக்குவதற்கன்று; காத்திருக்கும் அறையில் இருந்த மற்ற முதியோரையும் அது காத்தது.

இன்று சேர்ஜரிகளில் முகக்கவசக் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் அது 2022 ஜூனிற் தளர்த்தப்பட்டது. கோவிட், சளிச்சுரம், சின்னமுத்து ஆகியன இன்றும் உள்ளன. சட்டம் விட்ட இடத்தில் அடியார்களின் பொறுப்பு தொடங்குகிறது. செய்யவேண்டியவை மிக எளியவை:

காய்ச்சலும் இருமலும் உள்ளவர் நேரே சென்று வரிசையில் நிற்காது முதலில் தொலைபேசியில் சொல்லுதல் வேண்டும். சேர்ஜரி மூடியிருந்தால் 111 இலக்கத்தை அழைக்கலாம். காய்ச்சலோடு உடலிற் புள்ளிகள் தோன்றிய பிள்ளையைக் கொண்டு செல்லுமுன் கட்டாயம் அறிவித்தல் வேண்டும். சின்னமுத்து காற்றினாலேயே பரவுவது.

நேரில் வரச் சொன்னால் முகக்கவசம் அணிந்து செல்வது நன்று. துணைக்கு ஒருவர் போதும். ஊர் வழக்கப்படி வீட்டார் அனைவரும் புறப்படவேண்டியதில்லை. ஆங்கிலம் பேச உதவி தேவையாயின் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

65 வயது நிரம்பியோருக்குச் சளிச்சுரத் தடுப்பூசி இலவசம். 2025 இலையுதிர் காலத்தில் 75 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கோவிட் தடுப்பூசியும் வழங்கப்பட்டது. கடிதம் வந்தால் மேசையில் வைத்துவிடாது நாளைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாதிருத்தலும் இவற்றோடு சேரும். 'என்ன வருத்தம்?' என்று அவர் கேட்பது வீண் விடுப்பன்று. எவரைத் தனியே அமர்த்துவது என்பதை அறியவே கேட்கிறார்.

கோயில்களும் இதிற் பங்கு கொள்ளலாம் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2021இல் நீஸ்டன் சுவாமிநாராயண் ஆலயம் தன் வளாகத்தைத் தடுப்பூசி நிலையமாகத் திறந்துவிட்டது. வழிபடும் இடமே மக்களைக் காக்கும் இடமாயிற்று.

தேர்த் திருவிழாவுக்குச் செல்லும் அடியார், கூட்டத்தில் முன்னே நிற்கும் சிறுபிள்ளையின் கால் மிதிபடாமல் பார்த்து நடப்பர். சேர்ஜரி வாசலிலும் அதே அவதானம் வேண்டும். அங்கே கதவைத் திறந்துவிடுபவரும் ஒரு வீட்டின் பிள்ளையே. அவர் மாலையில் சுகமாக வீடு திரும்ப இறைவன் அருள்வானாக.